தேர்தல் இல்லாமல் ஜனநாயகம் நடக்குமா? ஆய்வாளர்கள் ஏன் குலுக்கலைப் பற்றிப் பேசுகிறார்கள்?

நடந்திருக்கிறது. பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் படைத் தளபதி போன்ற சில பதவிகளுக்குத்தான் வாக்கு. நகர நிர்வாகத்தைக் கவனித்த 500 பேர் மன்றத்துக்குக்கூடக் குலுக்கல்தான். நீதிமன்ற நடுவர்களை எடுக்க ஒரு கல் பலகை வைத்திருந்தார்கள். அதன் துளைகளில் வரிசையாகப் பெயர்த் தகடுகளைச் செருகி, பக்கத்துக் குழாயில் கறுப்பு, வெள்ளைக் குண்டுகளைப் போடுவார்கள். ஒரு வரிசைக்கு ஒரு குண்டு. வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே. கறுப்பு என்றால் வீட்டுக்கு. (பெண்களுக்கும் அடிமைகளுக்கும் தகடே கிடையாது, அதைச் சொல்லாமல் ஏதென்ஸைப் புகழ்வது நியாயமில்லை.)

சரி, இப்போது? அயர்லாந்தில் 2016-17-இல் இப்படிக் குலுக்கல் முறையில் பொறுக்கியெடுத்த 99 பொதுமக்கள் கருக்கலைப்புத் தடையை விவாதித்து, மாற்றச் சொன்னார்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4% பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள். ஆனால் அந்த அவை பரிந்துரைதான் செய்யலாம். இத்தகைய அவைகளுக்குச் சட்டமியற்றும் அதிகாரமே தரலாமா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை.