மொட்டை மாடியில் ஓட்டை போடாமல் சோலார் பேனல் பொருத்த முடியுமா?

முடியும். தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீட்டில் 3 கிலோவாட்டுக்கு 6 பேனல்கள் அப்படித்தான் நிற்கின்றன. தளத்தில் ஒரு ஆணிகூட இறங்கவில்லை.

நான் பிடிவாதம் பிடித்ததற்கு அக்கா வீடுதான் காரணம். அங்கே ஆங்கர் போல்ட் அடித்தார்கள். தட்டோடு, அடியில் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போல்ட் கான்கிரீட்டுக்குள் போனது. அடுத்த ஐப்பசி மழையிலேயே படுக்கையறைக் கூரையில் ஈரம். சுருக்கிக்குள் புகுந்த தண்ணீர் ஒரு மூலையில் இறங்கி வேறு மூலையில் சொட்டும். எந்த போல்ட் என்று கண்டுபிடிப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

ஓட்டை வேண்டாமென்றால் எடை வேண்டும். பேனலைத் தாங்கும் சட்டத்தின் (ஸ்டிரக்சர்) கால்களைக் கான்கிரீட் கட்டைகளில் பதித்து, கட்டைகளைத் தளத்தின் மேல் சும்மா வைப்பதுதான் முறை. ஒரு அடி கனசதுரக் கட்டை கிட்டத்தட்ட 70 கிலோ இருக்கும். எத்தனை கட்டை என்பதை மட்டும் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சென்னைக்குச் சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வரும். பெரிய பேனல் ஒன்று இரண்டரை சதுர மீட்டர். அதன் சொந்த எடையோ சுமார் 30 கிலோதான். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதனால் பேனலைத் தாழ்வாக வையுங்கள். சென்னைக்கு 10 முதல் 13 டிகிரி சாய்வே போதும். அடியில் துணி காயப்போட 7 அடி உயரம் வேண்டுமென்றால் வெறும் கட்டைகளை நம்பவே வேண்டாம். மாடியின் ஓரத்திலும் மூலையிலும் காற்றின் இழுப்பு அதிகம், அங்கிருந்து தள்ளியே வையுங்கள். கட்டைகளைத் தனித்தனியாக விடாமல் குறுக்குச் சட்டத்தால் இணைத்தால் ஒன்றைக் காற்று தூக்கும்போது மற்றவை பிடித்துக்கொள்ளும்.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. மேல்மாடி கட்டுவோம் என்று தூண்களில் விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. துருவைத் தேய்த்து எடுத்து, அந்தக் கம்பிகளைச் சுற்றியே பீடம் வார்த்து, பின்வரிசைக் கால்களை அதில் நிறுத்தினோம். பாரம் நேராகத் தூணில் இறங்குகிறது, புயலுக்கும் அசையாது. உங்கள் மாடியிலும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மற்ற கட்டைகளைக் கூடியவரை பீம் இருக்கும் இடத்துக்கு மேலேயே வைக்கச் சொல்லுங்கள். எடை மொத்தத்தையும் கட்டட இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். கட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டால் தட்டோடு உடையாது. மழைநீர் ஓடும் வாட்டத்தை மறிக்காதீர்கள்.

தளத்தில் ஏற்கெனவே கசிவு இருந்தால் பேனல் வருவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். பிறகு அந்தக் கட்டைகளை நகர்த்த ஆள் கிடைக்காது.