மூடியை மூடினால் மானிட்டரும் அணைகிறதே!

கேள்வி: லேப்டாப்பை வெளி மானிட்டரில் இணைத்திருக்கிறேன். மூடியை மூடியதும் மானிட்டரும் அணைந்துவிடுகிறது. என்ன செய்வது? சூடாகிக் கெட்டுப்போகுமா?

பதில்: பழுது ஒன்றுமில்லை. மூடியதும் தூங்கப் போ என்பதுதான் விண்டோஸில் வழக்கமான அமைப்பு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்' என்பதைத் திறங்கள். 'பிளக்ட் இன்' பத்தியில் மட்டும் 'டூ நத்திங்' வைத்து சேவ் செய்யுங்கள். 'ஆன் பேட்டரி' பத்தியில் 'ஸ்லீப்' அப்படியே இருக்கட்டும். அதையும் மாற்றினால், மூடிப் பைக்குள் வைத்த பிறகும் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையில் சூடாகிக் கெடுவது அப்படித்தான். மேக்புக் என்றால் சார்ஜர், வெளி கீபோர்டு, மவுஸ் மூன்றையும் இணைத்துவிட்டு மூடுங்கள், போதும்.

மேசையில் சூடு எவ்வளவு என்பது மாடலைப் பொறுத்தது. பலவற்றில் வெப்பக் காற்று கீல் பக்கம் வெளியேறும். மூடியதும் அந்த இடைவெளி குறுகிவிடும். செங்குத்து ஸ்டாண்டில் நிறுத்துவதானால் காற்றுத் துவாரம் அடைபடாமல் பாருங்கள். வீடியோ எடிட்டிங், கேம் போன்ற கனமான வேலைக்கு மூடியைச் சற்றுத் திறந்து வைப்பதே என் யோசனை. நாள் முழுக்கச் சார்ஜரில் இருப்பதால், லேப்டாப்பில் அந்த வசதி இருந்தால் பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: யுஎஸ்பி-சி கேபிளில் படமே வரவில்லையே?

பதில்: எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படம் அனுப்பாது. படம் அனுப்பும் 'டிஸ்ப்ளேபோர்ட்' வசதி உங்கள் போர்ட்டில் உண்டா, கேபிளும் வெறும் சார்ஜிங் கேபிள்தானா என்று பாருங்கள்.