கவுனின் உள்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் ஃபேஷன் ஷோக்களைப் பற்றி விடாமல் எழுதுகிறீர்கள். நானும் வீடியோக்களைப் பார்க்கிறேன். கண்ணைப் பறிக்கிறது, சரி. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் வாங்கும் உடைக்கு இவ்வளவு ஆராதனை எதற்கு? பணப் பகட்டைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது? அப்புறம் இன்னொன்று. விருந்துகளில் நட்சத்திரங்கள் தோள்பட்டை இல்லாத கவுனை நொடிக்கொரு தரம் மேலே இழுத்து விட்டுக்கொள்கிறார்களே, அவ்வளவு செலவழித்தும் ஏன் அது நிற்பதில்லை?

- ம.

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

தோள்பட்டை இல்லாத கவுனை மார்பு தாங்குவதாக நினைக்கிறோம். நன்றாகத் தைத்த கவுனைத் தாங்குவது இடுப்பு. உள்பக்கம், இடுப்பு சிறுத்திருக்கும் இடத்தில், அழுத்தமான நாடா ஒன்று ஓடும். அதைத் துணியோடு அங்கங்கே மட்டும் பிடித்துத் தைத்திருப்பார்கள். அதற்கென்று தனிக் கொக்கி உண்டு. உடுத்தும்போது முதலில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் ஜிப்பை ஏற்றுவார்கள். மார்புப் பகுதிக்குள் வளையும் பட்டைகள் வைத்துத் தைத்த உள்கட்டு அந்த நாடாவின்மேல் ஊன்றி நிற்கும். பாவாடையின் கனமும் நாடாவில் இறங்கிவிடும். அதனால்தான் அணிந்தவர் கையைத் தூக்கினாலும் ஆடினாலும் கவுன் வழிவதில்லை. நீங்கள் பார்த்த இழுபறிக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே இந்த ஏற்பாடு சரியாக இல்லாதது. அல்லது மாடலின் அளவுக்குத் தைத்ததை ஒரு மாலைக்காக இரவல் வாங்கிப் போட்டிருப்பார்கள்.

இப்படி ஒருவருக்கென்றே அளவெடுத்துக் கையால் தைக்கும் பாரிஸின் உயர்தரத் தையல்தான் ஓத் கூத்யூர். அந்தப் பெயரை யாரும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. பிரான்சில் 1945 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பாரிஸில் சொந்தப் பணிமனை வேண்டும், வாடிக்கையாளரின் உடம்புக்கே அளவெடுத்துத் தைக்க வேண்டும். பட்டில் கத்திரி வைப்பதற்கு முன், சாதாரணப் பருத்தித் துணியில் முழு உடையும் தைத்து, உடம்பில் மாட்டி, ஊசி குத்தித் திருத்துவார்கள். பிறகு அதைப் பிரித்தெடுத்தால் அதுதான் பட்டுக்கு மாதிரி.

எம்பிராய்டரி இன்னும் ஆச்சரியம். லுனெவில் ஊசி என்று ஒன்று, ஆரி ஊசியைப் போலவே நுனியில் கொக்கி உள்ளது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் பின்பக்கம்தான் தைப்பவரைப் பார்த்திருக்கும். மணிகள் அடியில், நூலில் கோத்தபடி காத்திருக்கும். ஒவ்வொரு மணியாக விரலால் தள்ளி, மேலிருந்து ஊசியின் கொக்கியில் நூலை மாட்டி இழுப்பார்கள். ஜொலிக்கும் பக்கம் முழுக்கக் கீழே இருக்க, கையின் பழக்கத்திலேயே வேலை நடக்கும்! பாரிஸின் லெசாஜ் பணிமனையில் 1924 முதல் எம்பிராய்டரி வேலை நடந்து வருகிறது; இறகு வேலைக்குப் பேர்போன லெமாரியே 1880-இல் தொடங்கியது. விலையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இந்தக் கைகளுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கக்கூடிய இடம் இன்று வேறு அதிகம் இல்லை.

என் ரசனையைக் கேட்டால் இறகும் கல்லும்கூட இரண்டாம்பட்சம்தான். பாரிஸ் வடிவமைப்பாளர் மதலேன் வியோனே 1920-களில் துணியைக் கிராஸாக, அதாவது இழை ஓட்டத்துக்குச் சாய்வாக, வெட்டித் தைத்த கவுன்களுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். ஒரு கல் பதிக்காமலே உடம்போடு நகரும்.

ஓர் உடலுக்கென்று தைத்தது இன்னோர் உடலுக்குப் பொருந்தாது. 1962-இல் மர்லின் மன்றோவின் உடம்போடு சேர்த்தே தைத்துவிட்ட, ஜான் லூயி என்ற வடிவமைப்பாளரின் கவுனை, 2022-இல் மெட் காலா என்ற நியூயார்க் ஃபேஷன் விழாவில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் அணிந்தபோது, பழைய ஆடைகளைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் கொதித்தார்கள். நான் அவர்கள் பக்கம். விழா வாசலின் படிக்கட்டு ஏறி முடித்ததும் கிம்மே நகல் உடைக்கு மாறிவிட்டார்.

கூத்யூர் காட்சிகள் ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். அடுத்த முறை பார்க்கும்போது, மாடல் திரும்பி நடக்கும் நேரத்தில் கவுனின் மேல் விளிம்பை மட்டும் கவனியுங்கள். முதுகை விட்டு விலகாமல் நின்றால் உள்ளே அந்த நாடா இருக்கிறது.