பழைய பத்மினி காரின் பெட்ரோல் டேங்குக்கு ரிட்டர்ன் லைன் (பம்ப் தள்ளும் பெட்ரோலில் ஒரு பகுதி டேங்குக்கே திரும்பும் பைப்) போட, டேங்கை வெல்டிங் செய்துதான் ஆக வேண்டுமா?

வேண்டாம். டேங்கின் பக்கத்தில் நெருப்பே கொண்டுபோகாமல் போடலாம். எங்கள் வீட்டுப் பிரீமியர் பத்மினிக்கு அப்படித்தான் போட்டோம். நான்கு கோடை தாண்டிவிட்டது.

வெயிலில் ஓட்டிவிட்டு டீக்கடையில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை, மெக்கானிக் டேங்கில் ஓட்டை போட்டு கேஸ் வெல்டிங் வைத்து ரிட்டர்ன் பைப் போடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே தொந்தரவு எங்களுக்கும் இருந்தது. சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மே மாதம் வண்டி இருமத் தொடங்கும். டிக்கியில் அப்பா எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீரும் கிழிந்த வேட்டித் துணியும் வைத்திருப்பார். பானெட்டைத் திறந்து, ஏசி பம்ப் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, கால் மணி நேரம் நிழல் தேடி நிற்போம்.

மெக்கானிக்குகள் இதை ஏர்லாக் என்பார்கள். உண்மையில் அங்கே அடைப்பது காற்று இல்லை, பெட்ரோலின் ஆவி. பெட்ரோலில் உள்ள இலகுவான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்ப் இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதுவும் டேங்கிலிருந்து உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் ஆவியாகும். அப்புறம் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு பெட்ரோலுக்குப் பதில் ஆவியையே அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு இன்ஜின் குடிப்பது வெறும் 5 லிட்டர். ஐடிலிங்கில் நிற்கும்போது அதைவிடவும் குறைவு. அவ்வளவு மெதுவாகப் பெட்ரோல் சூடான பைப்புக்குள் ஊர்ந்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? ரிட்டர்ன் லைன் இருந்தால் பம்ப் தள்ளுவதில் ஒரு பகுதி நிற்காமல் டேங்குக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து சூடாகாத பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், குமிழிகளும் கார்புரேட்டருக்குள் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) போகாமல் திரும்பிவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ன் பம்பைப் பார்த்திருந்தால் மூன்று பைப் இருப்பது தெரியும். மூன்றாவது இதற்குத்தான்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. கலந்த பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும், பழைய ரப்பர் ஓஸ்களையும் ஊற வைத்துவிடும். அதனால் இந்த வேலையோடு சேர்த்து எல்லா ஓஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். பம்ப் டயாஃப்ரம், பில்டர் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். அங்கே பழுது இருந்தால் ரிட்டர்ன் லைன் போட்டும் பயனில்லை.

சரி, டேங்குக்கு வருகிறேன். காலி டேங்க்தானே, தண்ணீர் விட்டு அலசிவிட்டால் போதும் என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். தயவுசெய்து நம்பாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். அந்த அளவுக்கு அடியில் தங்கிய ஒரு மடக்கு பெட்ரோலே போதும். மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் ஒளிந்திருப்பது வெல்டிங் டார்ச் சூட்டில்தான் வெளியே வரும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது இது. பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோலை வெட்டவெளியில் வடித்து, கேஜுக்கான ஃப்ளோட் யூனிட்டை (பெட்ரோல் அளவு காட்டும் மிதவையும் அதைத் தாங்கும் தட்டும்) மட்டும் வெளியே எடுத்தோம். அதன் தட்டில் இன்னொரு பைப்புக்குத் தாராளமாக இடம் இருந்தது. ஃப்ளோட்டையும் காயிலையும் தட்டிலிருந்து பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் காயில் போய்விடும். தட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, டேங்க் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோய் 6 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் ஒன்றைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தோம்.

குழாயைத் தட்டோடு நிறுத்திவிடக் கூடாது. டேங்கின் அடிக்குச் சற்று மேலே வரை இறங்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் பெட்ரோல் நுரைத்து இன்னும் ஆவியாகும். உறிஞ்சும் குழாயின் வாய்க்கு நேராகவும் விடக் கூடாது, திரும்பி வந்த குமிழியையே பம்ப் மறுபடி இழுக்கும். எங்களுடையதை எதிர்ப்பக்கமாக வளைத்துவிட்டோம். ஃப்ளோட் கை மேலும் கீழும் போகும்போது குழாயில் இடிக்கிறதா என்று கையில் வைத்தே ஆட்டிப் பாருங்கள். இன்னொன்று, குழாயில் தட்டுக்குக் கீழே, டேங்குக்குள் வரும் உச்சியில் ஊசித்துளை ஒன்று போட்டுவிடுங்கள். வழியில் எங்காவது லைன் அறுந்தால் டேங்கிலுள்ள பெட்ரோல் தானாக வடிந்து ரோட்டில் கொட்டாது. திரும்பப் பொருத்தும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும்.

தட்டிலிருந்து முன்பக்கம் வரை பிரேக் லைனுக்குப் போடும் பண்டி ட்யூப் என்ற இரும்புக் குழாய் போதும். செம்புக் குழாய் வளைக்க எளிது என்பார்கள், ஆனால் அதிர்வில் இறுகி ஒருநாள் விரிசல் விடும். சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், முழம் தூரத்துக்கு ஒரு ரப்பர் கிளிப் போடுங்கள்.

முன்னால் கார்புரேட்டருக்குச் சற்று முன், லைனின் உயரமான இடத்தில், ரிட்டர்ன் பைப் பிரிவதற்கு T வடிவ இணைப்பு ஒன்று. இங்கேதான் எங்களுக்குத் தவறு நேர்ந்தது. ரிட்டர்ன் பைப்பை முழு வாயோடு திறந்து விட்டிருந்தோம். ஊருக்குள் அருமையாக ஓடிய வண்டி, தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்ததும் மூச்சு வாங்கியது. இரண்டு நாள் கார்புரேட்டரைத்தான் சந்தேகப்பட்டோம். பெட்ரோல் எளிதான வழியில் டேங்குக்கே ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ரிட்டர்ன் பக்கத்தில் சிறு துளை மட்டும் விட்டு அடைக்க வேண்டும். பழைய கார்புரேட்டர் மெயின் ஜெட் (அளவான துளை போட்ட சிறு திருகு) ஒன்றே போதும். 100 என்று எண் போட்ட ஜெட்டின் துளை 1 மில்லிமீட்டர். அதைப் பைப்புக்குள் பொருத்தியதும் ஏற்றத்தில் பழைய இழுவை வந்துவிட்டது.

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். முதல் வாரம் தினமும் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துப் பாருங்கள், ஈரமோ வாடையோ இருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். இன்ஜெக்‌ஷன் மாற்றுவதாக இருந்தால் அழுத்தம் பல மடங்கு, ஓஸ் ரகமும் பைப் அளவும் வேறு. உங்கள் ஃப்ளோட் தட்டில் இடம் இருக்கிறதா என்று தெரியவில்லையென்றால் கழற்றி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.