அங்கே இப்போது மணி என்ன? – நேர மண்டலக் கேள்விகள்

காலண்டர் மென்பொருளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். மென்பொருளில் வேறு எந்தப் பிழையையும் மன்னித்துவிடும் ஆட்கள், ஒரு மணி நேரம் தள்ளி அலாரம் அடித்தால் மட்டும் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அந்தத் திட்டுகளில் கற்றுக்கொண்டதை வைத்து, சேர்ந்து கிடந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவனுக்குக் காலை 8 என்றால் எனக்கு மாலை 5.30 என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். நவம்பரில் அதே 8 மணி எனக்கு 6.30 ஆகிவிட்டது. யார் கணக்கு தப்பு? (தஞ்சாவூர் வாசகி)

இரண்டு பேர் கணக்கும் சரிதான் அம்மா. நம் கடிகாரம் வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது, அவர்கள் கடிகாரம் நகர்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணியை 3 ஆக்குவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு 2 மணியை 1 ஆக்கிப் பழைய இடத்துக்கே வருவார்கள். கோடையின் நீண்ட பகலை மாலைப் பக்கம் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அதனால் நியூ ஜெர்சிக்கும் நமக்கும் இடைவெளி கோடையில் 9½ மணி நேரம், குளிர்காலத்தில் 10½. டொரண்டோவுக்கும் இதே கணக்குதான்.

லண்டனில் உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருந்தால் சிக்கல் கூடும். ஐரோப்பாவில் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் அமெரிக்கா மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் இதற்கு நேர்மாறு. குடும்பத்தோடு வீடியோவில் பேசுகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். சிட்னியில் பருவமே தலைகீழ் என்பதால் அக்டோபரில் முன்னே தள்ளி ஏப்ரலில் பின்னே இழுப்பார்கள். அதே ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிரிஸ்பேன் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவிலும் ஃபீனிக்ஸ் நகரம் அப்படித்தான்.

எத்தனை மணி வித்தியாசம் என்று மனப்பாடம் பண்ணுவதை விட்டுவிடுங்கள். போனில் கடிகாரச் செயலியைத் திறந்து, உலகக் கடிகாரத்தில் நியூயார்க்கைச் சேர்த்துவிட்டால் போதும்.

கேள்வி: ஒரு விண்ணப்பத்தில் "உங்கள் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்றிருந்தது. பட்டியலில் சென்னையைக் காணோம். நான் எந்த மண்டலத்தில் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியாவுக்குள் எங்கே இருந்தாலும் உங்கள் மண்டலம் ஒன்றுதான்: யுடிசி கூட்டல் 5.30. யுடிசி என்பது உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்ட நேரம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் காட்டுவது அதைத்தான். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம்.

பட்டியலில் சென்னை இல்லாததற்குக் காரணம் உண்டு. போன்களும் இணையதளங்களும் பெரும்பாலும் ஒரே தரவுத்தொகுப்பிலிருந்து நேரத்தை எடுக்கின்றன. 1970 முதல் ஒரே மாதிரி கடிகாரம் வைத்திருக்கும் பகுதிக்கு, பொதுவாக ஒரு பெரிய நகரத்தின் பெயரை அதில் வைப்பார்கள். இந்தியாவுக்கு வைத்தது கொல்கத்தா. ஆகவே "ஆசியா/கொல்கத்தா" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகளில் அது கல்கத்தா என்றே இருக்கும், பரவாயில்லை. விண்டோஸ் கணினி மட்டும் நம் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதன் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்று நம் ஊர் பெயர்தான் முதலில் நிற்கும். இலங்கைக்கு அதே 5.30 தான் என்றாலும் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்று தனி வரி கொடுத்திருக்கிறார்கள். ஏன் தனி வரி என்பது அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

கேள்வி: நான் கொழும்பில் பிறந்தது 1998 ஜனவரியில். சாதகம் கணிக்கக் கொடுத்தால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பிறந்த நேரம் ஒன்றுதானே? (இலங்கையிலிருந்து லண்டன் வந்த வாசகர்)

இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இது. விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கை இன்று இந்தியாவோடு ஒரே நேரத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் பிறந்தபோது அப்படி இல்லை. 1996இல் மழை பொய்த்து, நீர்மின்சாரம் சுருங்கி, மின்வெட்டு கடுமையாக இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்த மே 25ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6.30 ஆக்கினார்கள். அக்டோபர் 26ஆம் தேதி அரை மணி பின்வாங்கி 6.00 என்று வைத்தார்கள். அது அப்படியே பத்து வருடம் நின்றது. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மறுபடி 5.30.

ஆக உங்கள் பிறப்புச் சான்றிதழில் காலை 6.10 என்று இருந்தால், அந்த நிமிடம் சென்னையில் மணி 5.40. சாதகம் கணித்தவர் "இலங்கை என்றால் 5.30" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் அரை மணி நேரம் தவறிவிட்டது. லக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணி என்றால் ஏழரைப் பாகை. ராசியின் ஓரத்தில் லக்னம் இருந்தால் லக்னமே மாறிவிடும். ராசியை ஒன்பதாகப் பிரித்த பங்குதான் நவாம்சம், அது ஒன்றுக்கு ஏறத்தாழ 13 நிமிடம்தான், அது நிச்சயம் மாறும். சாதகத்தை நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். நம்புவதென்றால் சரியான நேரத்தைப் போட்டுவிட்டு நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்போதைய நல்ல செயலிகளில் பிறந்த ஊர் கொழும்பு என்று கொடுத்தால், இந்த மாற்றங்களை அவையே பார்த்துக்கொள்ளும். நீங்களும் கையால் அரை மணியைக் கழித்துவிட்டுக் கொடுத்தால் இரண்டு தடவை கழிந்துவிடும். எனவே சான்றிதழில் உள்ளதை அப்படியே கொடுத்து, மண்டலம் 6.00 என்று காட்டுகிறதா என மட்டும் பாருங்கள்.

இன்னொரு வாசகர் வன்னியில் 2001இல் பிறந்தவர், இதையே கேட்டிருந்தார். அவருக்குப் பதில் வேறு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்தப் புதிய நேரத்தை ஏற்கவில்லை, பழைய 5.30 தான் ஓடியது. ஒரே தீவில், ஒரே தீர்க்கரேகையில், சோதனைச்சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருக வேண்டியிருந்த காலம். எந்தச் செயலிக்கும் இது தெரியாது. "அந்த நேரம் எந்தக் கடிகாரத்தில் பார்த்தது, பழைய நேரமா புது நேரமா?" என்று உங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

தாத்தா பாட்டி சாதகத்தைக் கையில் எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியாவின் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே, 6.30இல் இருந்தது.

கேள்வி: உலகத்தில் பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் இருக்க, நமக்கு மட்டும் ஏன் இந்த அரை மணி?

நமக்கு மட்டும் இல்லை. நேபாளம் 5.45, ஈரான் 3.30. ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியாவின் நடுவாக 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கம் அது போகிறது. 82½ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்தரை வரும்.

அதற்கு முன் நாட்டையே ஓட்டியது மதராஸ் நேரம் என்றால் இப்போது நம்ப மாட்டீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. அதன் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னே. பம்பாய் 4 மணி 51 நிமிடம், கல்கத்தா 5 மணி 53 நிமிடம். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் மதராஸ் இருந்ததால் ரயில்வே அதைப் பிடித்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. மதராஸ்காரர்களுக்கு 9 நிமிடம்தான் மாற்றம், சத்தமில்லாமல் முடிந்தது. பம்பாய்க்கு 39 நிமிடம். அவர்கள் முரண்டு பிடித்து 1955 வரை தங்கள் நேரத்தைத் தனியாக வைத்திருந்தார்கள்.

அந்த 9 நிமிடம் இன்னும் போகவில்லை. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.09க்கு, கோயம்புத்தூரில் 12.22க்கு. (பருவத்தைப் பொறுத்து இது கால் மணி வரை முன்பின்னாகும்.) உங்கள் கடிகாரம் காட்டுவது மிர்சாபூர் வெயிலை.

கேள்வி: சிங்கப்பூரில் காலை 7 மணிக்குத்தான் விடிகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் 6 மணிக்கு விடிய வேண்டாமா?

வேண்டும்தான். சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு ஏறக்குறைய 7 மணி மண்டலம்தான் பொருந்தும். மலேசியா, கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் இருக்கும் தன் சபா சரவாக் பகுதியோடு தீபகற்பத்தையும் ஒரே நேரத்தில் வைக்க நினைத்து, 1982 பிறந்தபோது 7.30இலிருந்து 8க்குத் தாவியது. வியாபாரமும் போக்குவரத்தும் பின்னிக் கிடப்பதால் சிங்கப்பூரும் கூடவே தாவியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 அடித்ததும் புத்தாண்டு. அதற்கு முன் அங்கே பிறந்தவர்கள் மேலே உள்ள சாதகப் பதிலை ஒரு தரம் படித்துக்கொள்ளவும்.

கேள்வி: வேலைக்கான நேர்காணல் "மாலை 4 மணி ஐஎஸ்டி" என்று மின்னஞ்சல் வந்தது. 4 மணிக்கு உட்கார்ந்தேன், யாரும் வரவில்லை. நிறுவனம் டப்ளினில் இருக்கிறது.

ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்தியத் திட்ட நேரம், ஆனால் அவர்கள் சொன்ன ஐஎஸ்டி அயர்லாந்தின் நேரம். அங்கே கோடைகால நேரத்துக்கும் அதே மூன்றெழுத்து. இஸ்ரேலும் தன் நேரத்துக்கு அதையே வைத்திருக்கிறது. டப்ளினில் கோடைகால 4 மணி நமக்கு இரவு 8.30. நீங்கள் நாலரை மணி நேரம் முன்னதாகவே ஆஜராகிவிட்டீர்கள்!

நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். சிஎஸ்டி என்று வந்ததை அமெரிக்காவின் நடுப்பகுதி நேரம் என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கண் விழித்தேன். அனுப்பியவர் இருந்தது ஷாங்காயில், சீன நேரத்துக்கும் அதே சுருக்கம்தான். அன்றிலிருந்து நேரம் குறிக்கும்போது நகரத்தின் பெயரைத்தான் எழுதுகிறேன், மற்றவர்களிடமும் அதையே கேட்கிறேன். "சென்னை நேரம் மாலை 4, டப்ளின் நேரம் காலை 11.30" என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை. டப்ளின்காரர்களுக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரை அனுப்பக் கடைசி நேரம் "15ஆம் தேதி 23.59 ஏஓஇ" என்கிறார்கள். இது எந்த ஊர் நேரம்?

மனிதர் யாரும் குடியில்லாத ஊர். ஏஓஇ என்பது "எனிவேர் ஆன் எர்த்" என்பதன் சுருக்கம், பூமியில் எங்காவது 15ஆம் தேதி மிச்சமிருக்கும் வரை அனுப்பலாம் என்று அர்த்தம். யுடிசியைவிட 12 மணி பின்தங்கிய மண்டலம், பசிபிக்கில் பேக்கர் தீவு மாதிரி ஆளில்லாத இடங்கள்தான் அதில் வரும். நமக்கு 16ஆம் தேதி மாலை 5.29 வரை நேரம் இருக்கிறது. இதை உங்கள் வழிகாட்டியிடம் சொல்லாதீர்கள், 14ஆம் தேதியே கேட்பார்.

கேள்வி: துபாயில் இறங்கியதும் போன் கடிகாரத்தை நானே ஒன்றரை மணி நேரம் பின்னால் வைத்தேன். அப்புறம் வாட்ஸ்அப் திறக்கவில்லை, தேதி தவறு என்கிறது.

போனுக்குள் ஓடுவது யுடிசி. மண்டலம் என்பது அதன் மேல் மாட்டிய கண்ணாடி. துபாய் வந்தால் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும், நீங்கள் உள்ளே ஓடும் முள்ளையே திருகிவிட்டீர்கள். அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், நேரத்தையும் மண்டலத்தையும் தானாக அமைக்கும் இரண்டு பொத்தான்களையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: டொரண்டோவில் ராகு காலம் எப்போது? ஊர் காலண்டரில் திங்கட்கிழமை 7.30 முதல் 9 என்கிறது.

அந்த 7.30–9 என்பது 6 மணிக்கு விடிந்து 6 மணிக்கு அடைந்தால் வரும் கணக்கு. பகலை எட்டாகப் பிரித்து, திங்களன்று இரண்டாவது பங்கு ராகுவுக்கு. டொரண்டோவில் ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரத்தை ஒட்டி வரும், பங்கு ஒன்று 2 மணி நேரத்தை நெருங்கும். டிசம்பரில் பகல் 9 மணி நேரம்தான், பங்கு 70 நிமிடம்கூட இருக்காது. அமாவாசை வேறு மாதிரி. திதி முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான், ஆனால் இங்கே புதன் காலை முடிவது அங்கே செவ்வாய் இரவாக இருக்கும். சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே பார்க்காமல், டொரண்டோவுக்கென்று கணித்ததைப் பாருங்கள்.

கேள்வி: தென் துருவத்தில் மணி என்ன? (ஆறாம் வகுப்பு மாணவி, மதுரை)

எல்லாத் தீர்க்கரேகைகளும் அங்கே ஒரே புள்ளியில் சேர்கின்றன, அதனால் எந்த மணியையும் வைத்துக்கொள்ளலாம் பாப்பா. அங்குள்ள அமெரிக்க ஆய்வு நிலையம் நியூசிலாந்து நேரத்தை வைத்திருக்கிறது, ஏனென்றால் ஆட்களும் சாமான்களும் அந்த நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரம் வழியாகத்தான் போகின்றன. நியூசிலாந்து கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அப்போது துருவத்திலும் தள்ளுகிறார்கள், ஆறு மாதம் சூரியனே மறையாத இடத்தில்.