கல்லாப்பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் 'கடன் வரம்பு' என்று அடிக்கடி கூச்சல் எழுகிறது. கடைசியில் வரம்பை உயர்த்தித்தான் விடுகிறார்கள். அப்புறம் எதற்கு வரம்பு?
– வாசகர், காரைக்குடி

பதில்: மிரட்டுவதற்குத்தான்! இது செலவைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எதற்கு எவ்வளவு செலவு, எவ்வளவு வரி என்பதையெல்லாம் அங்குள்ள காங்கிரஸ் (நாடாளுமன்றம்) ஏற்கெனவே சட்டமாக்கிவிடுகிறது. துண்டு விழுவதைக் கடன் வாங்கித்தான் அடைக்க வேண்டும். அந்தக் கடனுக்குத் தனியாக இன்னொரு அனுமதி. சம்பந்திகள் இருவரும் சேர்ந்தே பந்திக்கு மெனு போட்டார்கள், கல்யாணமும் முடிந்தது. சமையல்காரர் பணத்துக்கு வந்து நிற்கும்போது, "வளைகாப்புச் செலவைப் பாதியாகக் குறைத்தால்தான் இவருக்குப் பணம்" என்று ஒரு சம்பந்தி முறுக்கிக்கொண்டால்? அதேதான் இது. 1917-ல் முதல் உலகப்போருக்குப் பத்திரம் விற்றபோது, ஒவ்வொரு தடவையும் காங்கிரஸ் வாசலில் வந்து நிற்க வேண்டாமே என்று கருவூலத்துக்குச் செய்துகொடுத்த வசதி. இப்போது வம்பு.

கேள்வி: 2023 கடன் வரம்பு பேரத்தில் மெக்கார்த்தி ஜெயித்தாரா, தோற்றாரா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: பேரம் படிந்தது, பதவி போயிற்று. அந்த ஜனவரியில், குடியரசுக் கட்சிக்காரரான அவர் கீழவைச் சபாநாயகர் ஆவதற்கே 15 சுற்று வாக்கெடுப்பு. ஓட்டுக்காக, தன்னை நீக்க ஒரே ஒரு உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தாலும் போதும் என்று ஒப்புக்கொண்டார். அதே மாதம் 19-ம் தேதி கடன் 31.4 லட்சம் கோடி டாலர் வரம்பைத் தொட்டது. நிதியமைச்சர் யெல்லன், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்குப் போக வேண்டிய முதலீட்டைத் தள்ளிவைத்துச் சமாளித்தார்.

செலவைக் குறைத்தால்தான் வரம்பை உயர்த்துவோம் என்றது மெக்கார்த்தி தரப்பு. "வரம்பு விஷயத்தில் பேரமே கிடையாது" என்றார் அதிபர் பைடன். மே மாதம் ஹிரோஷிமா ஜி7 மாநாட்டோடு பயணத்தை முடித்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவையும் பப்புவா நியூ கினியாவையும் ரத்து செய்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தார். ராணுவம், முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் கத்திரிக்குத் தப்பின. எதில் மல்லுக்கட்டினார்கள் தெரியுமா? உணவு உதவி வாங்குகிறவர்கள் வேலை பார்த்தே ஆகவேண்டும் என்ற வயது வரம்பை 49-லிருந்து 54-க்கு உயர்த்துவதில்! வீடற்றவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் விலக்கு கொடுத்ததில், இந்த மாற்றங்களால் உணவு உதவிச் செலவு குறைவதற்குப் பதில் கூடும் என்று காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொன்னது.

கீழவையில் 314-க்கு 117 என்று மசோதா நிறைவேறியது. ஆதரித்தவர்களில் மெக்கார்த்தி கட்சிக்காரர்களைவிட பைடனின் ஜனநாயகக் கட்சியினர்தான் அதிகம். கஜானா காலியாகும் என்று யெல்லன் சொன்ன தேதி ஜூன் 5. பைடன் கையெழுத்துப் போட்டது ஜூன் 3. அக்டோபர் 3-ல் மெக்கார்த்தியை 216-க்கு 210 என்று வெளியே அனுப்பினார்கள். வேறு காரணங்களும் உண்டு. இந்தப் பேரத்தின் மேல் சொந்தக் கட்சியினருக்கு இருந்த கடுப்பும் அதில் சேர்த்தி.

கேள்வி: கடைசியில் கட்டிவிடுகிறார்களே, பிறகென்ன நஷ்டம்?
– வாசகர், ஈரோடு

பதில்: வங்கியில் கடன் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். தவணையை ஒழுங்காகக் கட்டினாலும், ஒவ்வொரு முறையும் கடைசி நாளில் வந்து "கட்டமாட்டேன்" என்று சத்தம் போடுகிறவரின் ஃபைலில் பென்சிலால் ஒரு குறி போட்டுவைப்போம். அடுத்த கடன் கேட்டு வரும்போது அந்தக் குறி பேசும். 2011-ல் இதே சண்டையை அதிபர் ஒபாமாவும் அப்போதைய சபாநாயகர் பெய்னரும் ஆகஸ்ட் 2-ல் ஒருவழியாக முடித்தார்கள். மூன்றே நாளில், கடன் வாங்குகிறவருக்கு மதிப்பெண் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை ஒரு படி இறக்கியது. 2023-ல் அதே மாதிரி நிறுவனமான ஃபிட்ச்சும் அதையே செய்தது.

கேள்வி: என் மகன் அங்கே வேலை பார்க்கும் அரசு அலுவலகம் 2025-ல் மூடிக் கிடந்ததே, இதனால்தானா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லையம்மா. அது செலவு ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாததால் வந்த 43 நாள் மூடல். கடன் வரம்பு வேறு.

கேள்வி: இப்போது வரம்பு எவ்வளவு?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: 41.1 லட்சம் கோடி டாலர். 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் ஒரே எட்டில் 5 லட்சம் கோடியைக் கூட்டியது. ஜனநாயகக் கட்சியின் ஓட்டு ஒன்றுகூட அதற்கு விழவில்லை, தேவைப்படவும் இல்லை. பைடனிடம் கெடு வைத்து மல்லுக்கு நின்ற அதே குடியரசுக் கட்சிதான். இன்னொரு தர நிறுவனமான மூடீஸ் மட்டும் அந்த மே மாதமே முந்திக்கொண்டு தரத்தைக் குறைத்துவிட்டது.