மூட்டு அறுவைக்குப் பிறகு சிபாப் கருவியை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. தூக்கத்தில் அடிக்கடி மூச்சு நின்றுபோகும் ஸ்லீப் அப்னியா இருப்பதால், மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியோடுதான் மூன்று ஆண்டுகளாகத் தூங்குகிறார். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலிக்கு டிராமடால் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் அசந்து தூங்கிவிடுகிறார். குறட்டை மட்டும் முன்பைவிடப் பலமாக இருக்கிறது. கால் வலியில் இருப்பவருக்கு மாஸ்க்கையும் மாட்ட மனம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: இன்றிரவே மாட்டிவிடுங்கள், சகோதரி. பகலில் அரைமணி நேரம் கண்ணயர்ந்தாலும் மாட்டுங்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், அசந்து தூங்குகிறார், குறட்டை பலமாகிவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. அப்னியா உள்ளவருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்கும்போது மூளை விழித்துக்கொண்டு, உடம்பை உலுக்கி மூச்சை மீட்கிறது. அந்த விழிப்புதான் அவருக்குக் காவல். டிராமடால் வகை மாத்திரைகள் அந்தக் காவலையே மந்தமாக்கிவிடும். காலை நீட்டி மல்லாந்தே படுப்பதால் நாக்கும் பின்னால் சரிகிறது.

அறுவை நாள் கடந்தால் ஆபத்தும் கடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஓரிரு இரவுகளில் வலியாலும் மருந்தாலும் கனவுத் தூக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு, பெரும்பாலும் மூன்றாவது இரவிலிருந்து ஐந்தாவது இரவுக்குள், விட்டதையெல்லாம் பிடிப்பதுபோல அது பெருகி வரும். தசைகள் மிக அதிகமாகத் தளர்வது அந்தக் கனவுத் தூக்கத்தில்தான். மருத்துவமனைக் கண்காணிப்பு முடிந்து நோயாளி வீட்டுக்கு வருவதும் ஏறக்குறைய அதே நாட்களில்! இந்த ஒரு விஷயத்தை யாராவது உங்களிடம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

அதற்காக வலி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி இருந்தால் அவரால் நடைப்பயிற்சி செய்ய முடியாது. இன்றே அறுவை மருத்துவரை அழைத்து, அப்னியா இருப்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, டிராமடாலைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். தூக்க மாத்திரை, மது, தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து எதுவும் இப்போது கூடாது.

தலைக்கு மட்டும் தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி மூச்சுவழி இன்னும் குறுகும். முதுகையும் சேர்த்து, சுமார் 30 டிகிரி சாய்வில் உயர்த்திப் படுக்க வையுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்; மூட்டு நேராக நீளாமல் போய்விடும். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களிக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தால் போதும் என்று யாராவது சொல்லலாம். அது ஆக்சிமீட்டரில் எண்ணை உயர்த்தும். அடைபட்ட தொண்டையைத் திறக்காது. அதனால் எண் நன்றாக இருந்தாலும் ஆளையும் பாருங்கள். குலுக்கி எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது, உதடு நீலம் பாரிக்கிறது, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கி ஏறாமல் நிற்கிறது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அவர் மாஸ்க்கைத் தள்ளிவிட்டால் சண்டை வேண்டாம். மாத்திரை போடும் முன்பே, சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது மாட்டிக் கருவியை ஓடவிடுங்கள். வாய் உலர்கிறது என்றால் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். அழுத்த அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். கண் சொருகும்போது மாஸ்க் ஏற்கனவே முகத்தில் இருக்கட்டும்.